உள்ளத்தால் பாடியவர்

இசை செவிக்கு இன்பம் தருவது. நாடகம் கண்ணுக்கு விருந்தாவது. இவ்விரண்டும் ஒன்றாய் இணைந்த கலை மேலை நாடுகளில் ஆப்பெரா எனப் பெயர் பெறும். ஆப்பெரா மேடையில் தோன்றுவோர் பேசுவதினும் பாடுவதே மிகுதி. காதலும் சினமும், அழுகையும் அச்சமும் பாட்டாகவே வெளிப்படும். பல்வகை இசைக்கருவிகள் ஒருங்கே முழங்கும்பொழுது, அம்முழக்கத்தையும் கடந்து பாடுவோரின் குரல் அரங்கின் கடைசி வரிசை வரையிற் சென்று சேர்தல் வேண்டும். ஒலிபெருக்கி தோன்றாத காலத்தில் இஃது எத்துணை அரிய செயல் என்பதை எண்ணிப் பார்த்தால் விளங்கும். பெண்களின் குரல்களுள் மிக உயர்ந்த நிலையில் ஒலிப்பதைச் சொப்ரானோ என்பர். ஆப்பெராவின் தலைவியர் பெரும்பாலும் இக்குரல் வாய்க்கப்பெற்றவரே ஆவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் சொப்ரானோப் பாடகியர் பலர் புகழ்பெற்று விளங்கினர். குயிலினும் இனிய குரலுடையோர் அவருள் இருந்தனர். கடினமான சுரக்கோவைகளை மின்னல் விரைவிற் பாடிக் கேட்போரை மயக்கியோரும் இருந்தனர். அத்தகையோர் நடுவே, குரலின் இனிமையால் முதலிடம் பெற இயலாத ஒரு ஜெர்மானியப் பெண்மணி, தம் உள்ளத்தின் உண்மையால் முதலிடம் பெற்றார். அவரே வில்ஹெல்மினா ஷ்ரோடர் தெவ்ரியன் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

வில்ஹெல்மினா 1804 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6 ஆம் நாள் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் பிரெடெரிக் ஷ்ரோடர் ஆப்பெராப் பாடகர். தாயார் சோபி ஷ்ரோடர் அக்காலத்து ஜெர்மானிய மேடையில் துன்பியல் நாடக நடிகையருள் தலைசிறந்தவர். தந்தை வழியாக இசையும் தாய் வழியாக நடிப்பும் அம்மகளுக்குப் பிறப்புரிமை ஆயின. பிற குழந்தைகள் பொம்மைகளோடு விளையாடும் பருவத்தில் இவர் நாடக மேடையில் நடனமாடக் கற்றார். குழந்தைகளின் ஆடற்குழுவிற் சேர்ந்து, உடலை அசைக்கவும் அடக்கவும் பழகினார். அப்பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணை ஆயிற்று.

1815 ஆம் ஆண்டில் சோபி அம்மையார் வியன்னா நகரின் புகழ்மிக்க அரசவை நாடக அரங்கில் நடிகையாய் அமர்ந்தார். 1818 ஆம் ஆண்டில் கிரில்பார்சர் என்னும் நாடகப் புலவர் இயற்றிய சாப்போ நாடகத்தில் தலைமை வேடம் தாங்கிப் பெரும்புகழ் பெற்றவர் அவரே. அதே ஆண்டில் தந்தையார் மறைந்தார். அதன் பின்னர் வில்ஹெல்மினாவுக்குத் தாயே ஆசிரியரும் ஆனார். ஒரு சொல்லை எவ்வாறு உச்சரித்தால் அதன் பொருள் கேட்போர் நெஞ்சிற் பதியும், எவ்வாறு நின்றால் துயரம் தோன்றும், எப்பொழுது பேசாதிருந்தால் பேச்சினும் மிக்க பயன் விளையும் என்பனவற்றையெல்லாம் அவர் தாயிடம் கண்டும் கேட்டும் அறிந்தார்.

1819 ஆம் ஆண்டில் வில்ஹெல்மினா அதே அரங்கில் நடிகையாய்த் தோன்றினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஒபீலியாவாகவும் நடித்தார். எனினும் அவர் உள்ளம் இசையையே நாடியது. மொசாட்டி என்னும் ஆசிரியரிடம் பாட்டுக் கற்று, 1821 ஆம் ஆண்டு ஜனவரியில், மொசார்ட் இயற்றிய மந்திரக் குழல் என்னும் ஆப்பெராவில் பாமினா என்னும் தலைவியாக மேடையேறினார். அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. மறு ஆண்டில் வெபர் என்னும் இசைப்புலவர் தாம் இயற்றிய ஆப்பெராவை வியன்னாவில் தாமே நடத்தியபொழுது, அதன் தலைவியாகப் பாடி அவருடைய பாராட்டையும் பெற்றார்.

வளர்ச்சி விரைவாகவே வந்தது. ஆனால் அவ்விரைவில் ஒரு குறையும் மறைந்து கிடந்தது. பாடகியின் குரல் பல ஆண்டுகள் பொறுமையாகப் பயின்று உறுதி பெறவேண்டிய ஒன்று. வில்ஹெல்மினாவுக்கு அக்காலம் வாய்க்கவில்லை. குரல் முதிர்வதற்கு முன்பே பெரிய வேடங்கள் அவரைத் தேடி வந்துவிட்டன.

செவிப்புலன் இழந்த இசைப்புலவர்

அவ்வேடங்களுள் மிகப் பெரியது 1822 ஆம் ஆண்டில் வந்தது. பீத்தோவன் தம் வாழ்நாளில் ஒரே ஒரு ஆப்பெராவைத்தான் இயற்றினார். பிடேலியோ என்பது அதன் பெயர். 1805 ஆம் ஆண்டில் அது முதன்முதலாக மேடையேறியபொழுது வெற்றி பெறவில்லை. இருமுறை திருத்தப்பட்டு, 1814 ஆம் ஆண்டிலேயே மக்கள் மதிப்பைப் பெற்றது. சில ஆண்டுகள் நடிக்கப்படாதிருந்த அதனை 1822 ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் மேடையேற்ற வியன்னா அரங்கினர் முடிவு செய்தனர்.

அதன் கதை நெஞ்சை உருக்குவது. புளோரெஸ்தான் என்னும் நல்லோன், பிசாரோ என்னும் கொடியவனின் பகைமையால் நிலவறையில் அடைக்கப்படுகிறான். அவன் மனைவி லெயொனோரா ஆணுடை அணிந்து, பிடேலியோ என்னும் பெயருடன் அச்சிறையிலேயே வேலைக்கு அமர்கிறாள். தன் கணவனுக்காகவே தோண்டப்படும் குழியைத் தானும் உடனிருந்து தோண்ட நேர்கிறது. பிசாரோ குத்துவாளுடன் பாயும்பொழுது அவள் குறுக்கே நின்று, தான் அவனுடைய மனைவி என்பதை வெளிப்படுத்துகிறாள். கைத்துப்பாக்கியை நீட்டிக் கொடியவனைத் தடுக்கிறாள். அந்நொடியில் அரசனின் அமைச்சர் வருகையை அறிவிக்கும் எக்காளம் முழங்குகிறது. கணவன் உயிர் பிழைக்கிறான்.

இத்தகைய வீரப்பெண்ணின் வேடம் பதினேழு வயதே நிரம்பிய வில்ஹெல்மினாவுக்கு அளிக்கப்பட்டது. பீத்தோவனுக்கு அப்பொழுது ஐம்பதைக் கடந்த வயது. செவிப்புலன் பெரும்பாலும் அழிந்துவிட்டிருந்தது. ஆயினும் தம் படைப்பைத் தாமே நடத்த அவர் விரும்பினார். இறுதி ஒத்திகையில் இசைக்குழுவின் முன் நின்று கைகளை வீசி நடத்தவும் தொடங்கினார். இசைக்குழு ஒரு வேகத்திற் சென்றது. பாடுவோர் வேறு வேகத்திற் சென்றனர். எதுவும் அவர் செவியில் விழவில்லை. தொடக்கத்தில் வரும் இருவர் பாட்டிலேயே எல்லாம் குலைந்துபோயிற்று. மீண்டும் தொடங்கினர், மீண்டும் குலைந்தது. அப்பேரறிஞரிடம் உண்மையை எடுத்துரைக்க எவருக்கும் மனம் துணியவில்லை. முடிவில் நிலைமை அவருக்கு உணர்த்தப்பட்டது. ஆற்றொணாத் துயரத்துடன் அவர் அரங்கை விட்டு வெளியேறினார். உம்லவுப் என்னும் இசைவாணர் நடத்தும் பொறுப்பை ஏற்றார்.

நாடக நாளும் வந்தது. வில்ஹெல்மினா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, பீத்தோவன் இசைக்குழுவை நடத்துபவரின் பின்னால் அமர்ந்திருந்தார். உடல் முழுவதையும் மேலங்கியால் போர்த்தியிருந்தமையால் அவருடைய ஒளிவீசும் கண்கள் மட்டுமே தெரிந்தன. தம் இசையின் ஒரு சுரத்தையும் கேட்க இயலாத அவர், மேடையில் நிற்கும் பெண்ணின் முகத்திலேயே தம் இசையைக் காண முயன்றார். அக்கண்களைக் கண்டு வில்ஹெல்மினா நடுங்கினார். முதற்பகுதி இடரின்றி நிறைவேறியது. நிலவறைக் காட்சி நெருங்க நெருங்க, தம் வலிமை போதாது என்னும் அச்சம் அவரைக் கவ்வியது. கை கால்கள் தளர்ந்தன. குரல் தம்மைக் கைவிடுமோ என்று கலங்கினார்.

ஆனால் அந்த அச்சமே அவரைக் காத்தது. லெயொனோராவும் அந்நொடியில் அஞ்சி நடுங்கும் பெண்தானே! கணவனின் உயிர் ஒரு நூலில் தொங்குகையில் அவளுடைய கை நடுங்காதிருக்குமா? வில்ஹெல்மினாவின் உண்மையான நடுக்கமும் லெயொனோராவின் நடுக்கமும் ஒன்றாயின. கொடியவனை எதிர்த்து எழுந்த குரல் பாட்டின் எல்லையைக் கடந்து ஒரு கதறலாக வெடித்தது. துப்பாக்கியை நீட்டிய கை எக்காளம் முழங்கும் வரையில் அசையாது நின்றது. அதன் பின் தளர்ந்து வீழ்ந்தது. அவையோர் அதனை நடிப்பின் சிகரம் எனக் கொண்டு ஆரவாரம் செய்தனர். அஃது ஓர் இளம்பெண்ணின் உண்மையான அச்சம் என்பதை அவர்கள் அறியார்.

நாடகம் முடிந்தபின் பீத்தோவன் அவரிடம் வந்தார். எப்பொழுதும் கடுமை நிறைந்த அம்முகத்தில் புன்முறுவல் தோன்றிற்று. அவருடைய கன்னத்தில் மெல்லத் தட்டி நன்றி கூறினார். அவருக்கென ஒரு புதிய ஆப்பெரா இயற்றுவதாகவும் வாக்களித்தார். அவ்வாக்கு நிறைவேறவில்லை, 1827 ஆம் ஆண்டில் பீத்தோவன் மறைந்தார். ஆயினும், தம் இசையைக் கேளாமலே அதன் உயிரைக் கண்ட அவரது பாராட்டினும் மேலான பரிசு ஒரு பாடகிக்கு வேறு என்ன வேண்டும்!

அன்று தற்செயலாக நிகழ்ந்ததை வில்ஹெல்மினா தம் கலையின் அடிப்படையாக ஆக்கிக்கொண்டார். வேடத்தின் உணர்வைத் தம் உணர்வாக முதலில் ஆக்கிக்கொள்வது, அதன் பின்னரே பாடுவது என்பது அவர் நெறியாயிற்று.

டிரெஸ்டன் நகரில்

1823 ஆம் ஆண்டில் அவர் கார்ல் தெவ்ரியன் என்னும் நடிகரை மணந்தார்; அதே ஆண்டில் டிரெஸ்டன் நகரின் அரசவை ஆப்பெராவில் பணி ஏற்றார். அத்திருமணம் நிலைக்கவில்லை, 1828 ஆம் ஆண்டில் இருவரும் மணவிலக்குப் பெற்றனர். டிரெஸ்டன் நகரத்து உறவோ 1847 ஆம் ஆண்டு வரையில் நீடித்தது.

புகழ் வந்தபின் தம் குறையை ஒப்புக்கொள்வோர் உலகில் சிலரே. வில்ஹெல்மினா அச்சிலருள் ஒருவர். தம் குரல் முறையாகப் பயிற்றப்படவில்லை என்பதை உணர்ந்த அவர், டிரெஸ்டன் நகரில் மிக்ஷ் என்னும் ஆசிரியரிடம் மீண்டும் மாணவியாய் அமர்ந்தார். நாடே போற்றும் பாடகி, தொடக்க மாணவியைப் போலச் சுரவரிசைகளைப் பயின்றார். அப்பயிற்சி அவருக்குப் பயன் அளித்தது. எனினும் இளமையில் ஏற்பட்ட குறை முழுவதும் நீங்கவில்லை. அதனை அவர் தம் உணர்வாற்றலால் நிறைவு செய்தார்.

1830 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலும், 1832 ஆம் ஆண்டில் லண்டன் நகரிலும் அவர் லெயொனோராவாகத் தோன்றினார். அந்நகரத்து மக்களுட் பெரும்பாலோர் ஜெர்மன் மொழி அறியாதவர். ஆயினும் நிலவறைக் காட்சியில் அவர்கள் கண்களில் நீர் பெருகிற்று. சொல் விளங்காவிடினும் உணர்வு விளங்கியது.

பாரிஸ் நகருக்குச் செல்லும் வழியில், 1830 ஆம் ஆண்டு ஏப்ரலில், வைமர் நகரில் அவர் பெருங்கவிஞர் கதேயைக் கண்டார். கவிஞருக்கு அப்பொழுது வயது எண்பது. கதே இயற்றிய பாடல் ஒன்றுக்கு ஷூபர்ட் என்னும் இசைப்புலவர் 1815 ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், இசை அமைத்திருந்தார். நோயுற்ற மகனைக் கையில் ஏந்தி, இரவில் குதிரைமேல் விரையும் ஒரு தந்தையைப் பற்றியது அப்பாடல். தந்தை, மகன், அவனைக் கவர வரும் பூதவேந்தன், கதை கூறுவோன் ஆகிய நால்வர் குரலையும் ஒருவரே பாடிக் காட்டுதல் வேண்டும். ஷூபர்ட்டின் நண்பர்கள் அதனைக் கவிஞருக்கு அனுப்பியபொழுது அவர் மறுமொழியும் எழுதவில்லை. ஷூபர்ட் 1828 ஆம் ஆண்டில், முப்பத்தோராம் வயதில், வறுமையிலேயே மறைந்துவிட்டார். இப்பொழுது வில்ஹெல்மினா அதே பாடலைக் கவிஞரின் முன் பாடினார். இதற்குமுன் தம் மனத்தைத் தொடாத அவ்விசை, இவ்வாறு பாடக் கேட்டபொழுது முழு ஓவியமாகவே கண்முன் தோன்றுவதாக உணர்ந்து, கதே அவருடைய நெற்றியில் முத்தமிட்டு வாழ்த்தினார். மறைந்த இசைப்புலவனுக்குக் கிடைக்கவேண்டிய பெருமையை ஒரு பாடகியின் உள்ளம் பெற்றுத் தந்தது.

வாக்னரும் வில்ஹெல்மினாவும்

1834 ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் வில்ஹெல்மினா ரோமியோவாக நடித்தார். இளைஞர் வேடங்கள் சிலவற்றைப் பெண்களே பாடுவது ஆப்பெரா மரபு. அன்று அவையில் இருந்த இருபது வயது இளைஞர் ஒருவர் அந்நடிப்பைக் கண்டு உள்ளம் கொள்ளை போனார். பெல்லினி என்னும் இத்தாலியர் இயற்றிய அவ்விசையை அவ்விளைஞர் உயர்வாக மதிக்கவில்லை. அத்தகைய இசையும் இவர் பாடும்பொழுது இத்துணை ஆற்றல் பெறுவது எவ்வாறு என்று அவர் வியந்து சிந்தித்தார். இசையும் நாடகமும் இரண்டறக் கலந்த புதியதொரு கலையைப் படைக்கவேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் வேரூன்றியது. அவ்விளைஞரே பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ரிச்சர்ட் வாக்னர்.

வாக்னரின் தொடக்கக் காலப் படைப்புகளுக்கு வில்ஹெல்மினாவே உயிர் தந்தார். 1842 ஆம் ஆண்டு அக்டோபரில் டிரெஸ்டன் நகரில் ரியென்சி மேடையேறியபொழுது அட்ரியானோ என்னும் இளைஞனாகவும், 1843 ஆம் ஆண்டு ஜனவரியில் பறக்கும் டச்சுக்காரன் மேடையேறியபொழுது செண்டா என்னும் தலைவியாகவும் அவர் பாடினார். கடலில் ஓயாது அலையும் சாபம் பெற்ற ஒருவனை மீட்கத் தன் உயிரையே தரும் பெண் செண்டா. அந்நாடகத்தின் பிற குறைகளையெல்லாம் மறக்கச் செய்தவர் அவரே. 1845 ஆம் ஆண்டில் டான்ஹாய்சர் மேடையேறியபொழுது, வீனஸ் என்னும் வேடம் தம் வயதுக்கு ஏற்றதன்று என அறிந்திருந்தும், நட்பின் பொருட்டு அதனை ஏற்றார்.

அவர் முறையைக் குறைகூறியோரும் உண்டு. உணர்ச்சி மிகும் இடங்களில் சில சொற்களைப் பாடாமல் பேசிவிடுவது அவர் வழக்கம். பிரெஞ்சு இசைப்புலவர் பெர்லியோஸ் அதனை இசைக்கு இழுக்கு எனக் கடிந்தார். வாக்னரோ அதனையே பெரிதும் வியந்தார். லெயொனோரா கொடியவனை எச்சரிக்கும் தொடரில், இறுதிச் சொல்லை மட்டும் அவர் பேச்சாக வீசியபொழுது, கலையுலகின் உச்சியிலிருந்து வெறும் வாழ்க்கையின் நிலத்தில் திடீரென வீழ்ந்தாற்போல் அவை நடுங்கியதாக வாக்னர் எழுதினார். கலைக்கு வரம்பு எது என்பதில் அறிஞர் இருவரும் மாறுபட்டனர். இத்தகைய வினாவை எழுப்பியதே வில்ஹெல்மினாவின் தனிச்சிறப்பு எனலாம்.

பிற்காலம்

ஆண்டுகள் செல்லச் செல்லக் குரல் தளர்ந்தது. 1847 ஆம் ஆண்டில் அவர் டிரெஸ்டன் அரங்கை விட்டு விலகினார். 1849 ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நகரில் மக்கள் உரிமை கோரிக் கிளர்ந்தெழுந்தனர். மேடையில் கொடுங்கோன்மையை எதிர்த்துப் பாடிய அவர் அக்கிளர்ச்சியின்பால் கொண்ட பரிவை மறைக்கவில்லை. கிளர்ச்சி அடக்கப்பட்டது. வாக்னர் நாட்டை விட்டுத் தப்பிச் சென்றார். வில்ஹெல்மினா பின்னர்க் கைது செய்யப்பட்டு விசாரணைக்கு உட்பட்டார். சிறைக்கதவின் முன் நின்று பாடியே புகழ்பெற்ற பெண்மணிக்கு அரசின் கடுமையைத் தம் வாழ்விலும் காண நேர்ந்தது.

1850 ஆம் ஆண்டில் அவர் வான் போக் என்னும் நிலக்கிழாரை மணந்து, அக்காலத்து ருஷியப் பேரரசைச் சேர்ந்த லிவோனியாப் பகுதியில் சிலகாலம் வாழ்ந்தார். ஆனால் இசையற்ற அமைதி அவருக்கு இன்பம் தரவில்லை. ஜெர்மனிக்குத் திரும்பினார். ஆப்பெராவின் பெருமுழக்கத்தைக் கடந்து பாடும் வன்மை குரலில் இல்லை என்பதை அறிந்து, பியானோவின் துணையோடு பாடும் சிறு பாடல்களை எடுத்துக்கொண்டார். பீத்தோவன், ஷூபர்ட், ஷூமன் ஆகியோரின் பாடல்களை இசையரங்குகளிற் பாடினார். ஷூமன் 1844 ஆம் ஆண்டில் வெளியிட்ட கவிஞனின் காதல் என்னும் பாடல் தொகுதி வில்ஹெல்மினாவுக்கே உரிமையாக்கப்பட்டது. குரலின் வளம் குன்றியபோதும் உணர்வின் வளம் குன்றவில்லை.

1860 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26 ஆம் நாள் கோபுர்க் நகரில் அவர் இயற்கை எய்தினார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. வாக்னர் அவரை மறக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1872 ஆம் ஆண்டில், நடிகரையும் பாடகரையும் பற்றித் தாம் எழுதிய நூலை அவருடைய நினைவுக்கே காணிக்கை ஆக்கினார்.

ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை எடிசன் கண்டுபிடித்தது 1877 ஆம் ஆண்டில். ஆதலின் வில்ஹெல்மினாவின் குரலை இன்று எவரும் கேட்க இயலாது. அவர் பாடிய ஒரு சுரமேனும் உலகில் எஞ்சவில்லை. எனினும், ஆப்பெராப் பாடகர் நடிகராகவும் விளங்கவேண்டும் என்று உலகம் இன்று எதிர்பார்ப்பதற்கு வழிகாட்டியவருள் அவர் முதன்மையானவர். குரல் இயற்கை தரும் கொடை. காலம் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். உள்ளத்தின் உண்மையோ ஒருவர் தாமே தேடிக்கொள்ளும் செல்வம். அச்செல்வத்தைத் தேடிக்கொண்டமையால், செவிப்புலன் இழந்த பீத்தோவனும் அவர் பாட்டைக் கேட்டார்.